ஆறு மணல் செர்ரிச் செடிகள்: டென்வர் புறநகர்த் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2017 ஏப்ரலில், கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரை ஒட்டிய அரோராவில் உள்ள எங்கள் வீட்டைச் சுற்றி ஆறு மணல் செர்ரிக் கன்றுகளை நட்டேன். ஆறும் ஒரே நாற்றங்காலில் விதையிலிருந்து வளர்ந்த ஓராண்டுக் கன்றுகள். வேரில் மண் இல்லாமல், ஈரத்துணியில் சுற்றி, ஒரே கட்டாக வந்தவை. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம்கூட இல்லை. மூன்றைப் பின்பக்கத்துப் புல்தரையின் ஓரத்திலும், மூன்றை வண்டிப்பாதையை ஒட்டிய சரளைச் சரிவிலும் வைத்தேன். 2020 ஆகஸ்டு முடிவதற்குள் புல்தரையோரத்து மூன்றில் இரண்டு பட்டுப்போயின. மூன்றாவது சாகும் நிலைக்குச் சென்றது. சரிவில் நின்ற மூன்றும் அதற்கு முந்திய ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கிவிட்டன. ஒரே கட்டில் வந்த கன்றுகள், ஒரே கை நட்டவை, இருபது மீட்டர் இடைவெளியில் இப்படி இரு வேறு முடிவுகளைக் கண்டதற்கு என்ன காரணம் என்பதை, அப்போது எழுதி வைத்த தோட்டக் குறிப்புகளின் துணையோடு இங்கே விளக்க முயல்கிறேன்.

செடியும் அதன் சொந்த நிலமும்

மணல் செர்ரி வட அமெரிக்காவின் நடுப் புல்வெளிகளுக்கே உரிய புதர்ச்செடி. தாவரவியலில் புரூனஸ் பியூமிலா என்ற இனத்தின் மேற்கத்திய வகையாக இதை வைத்திருக்கிறார்கள். கனடாவின் மனிடோபாவில் தொடங்கி டக்கோட்டாக்கள், நெப்ராஸ்கா, வயோமிங், கொலராடோ, கான்சஸ் வரை இது தானாக வளர்கிறது. நெப்ராஸ்காவில் ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் புல் மூடிக் கிடக்கும் மணல்மேடுகள் இதற்குத் தாய்வீடு போன்றவை. அங்கே ஆண்டு மழை 400 முதல் 600 மில்லிமீட்டர். பெய்கிற மழையை மணல் உடனே கீழே இறக்கிவிடும். குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரியும் கோடையில் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும் வெயிலும் உண்டு. செடியின் தூரைச் சுற்றி ஈரம் தங்குவது அங்கே அரிது. இந்த ஒரு செய்தியை நடும் நாளில் நான் சரியாக உள்வாங்கியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

செடி ஒன்று முதல் இரண்டு மீட்டர் உயரம் போகும். பல தண்டுகளாகத் தூரிலிருந்தே கிளைக்கும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும், இலை விரியும் நேரத்திலேயே, தண்டு முழுவதையும் மறைத்துக்கொண்டு வெள்ளைப் பூக்கள் பூக்கும். ஜூலை இறுதியில் நாவற்பழக் கருமையில் சிறு உருண்டைப் பழங்கள் பழுக்கும். பழத்தின் குறுக்களவு பெரும்பாலும் ஒன்றரை சென்டிமீட்டர். இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு மூன்றும் சேர்ந்த சுவை. அவற்றுள் எது மேலோங்கும் என்பது செடிக்குச் செடி மாறும்.

இந்த மாறுபாட்டை இந்நிலத்தின் பூர்வகுடிகள் நன்கு அறிந்திருந்தார்கள். டக்கோட்டா மக்கள் இச்செடிக்கு 'அவோன்யேயபி' என்ற பெயரை வழங்கினார்கள். காற்றை எதிர்கொண்டு நடந்தபடி பழம் பறித்தால் பழம் இனிக்கும், காற்றோடு சேர்ந்து நடந்தபடி பறித்தால் கசந்து துவர்க்கும் என்ற அவர்களுடைய நம்பிக்கையே அப்பெயரில் அடங்கியிருப்பதாக, மிசூரி ஆற்றுப் பகுதிப் பழங்குடிகளின் தாவரப் பயன்பாட்டைத் தொகுத்த மெல்வின் கில்மோர் 1919-இல் பதிவு செய்தார். பக்கத்துப் பக்கத்துச் செடியில் பறித்த பழங்கள் ஒன்று இனித்தும் ஒன்று நாக்கை இழுத்தும் இருப்பதைச் சில ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு, அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை தலைமுறைகளின் கவனிப்பு இருக்கிறது என்பது புரிகிறது.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் பெசியின் பெயரை இச்செடிக்கு 1894-இல் சூட்டியவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லிபர்ட்டி ஹைட் பெய்லி. அதற்கு மறு ஆண்டு தெற்கு டக்கோட்டாவின் புரூக்கிங்ஸ் வேளாண் கல்லூரிக்கு வந்து சேர்ந்த நீல்ஸ் ஹான்சன், கடுங்குளிரில் வழக்கமான பழமரங்கள் நிலைக்காத அப்பகுதிக்கு ஏற்ற பழச்செடிகளை உருவாக்குவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர். காட்டு மணல் செர்ரியின் விதைகளை விதைத்து, பழம் பெரிதாகவும் இனிப்பாகவும் உள்ள செடிகளை மட்டும் தெரிந்தெடுத்து, அவற்றின் விதைகளை மீண்டும் விதைத்து என்று தலைமுறை தலைமுறையாக அவர் தொடர்ந்தார். ஜப்பானியப் பிளம்முடன் இதைக் கலந்து 'சாபா', 'ஓபாட்டா' என்ற வகைகளை 1908-இல் வெளியிட்டார். இன்று அமெரிக்க நகரத் தோட்டங்களில் அழகுக்காக வைக்கும் செவ்வூதா இலைச் செர்ரியும் அவர் செய்த கலப்பே. அந்த அழகுச்செடியை மணல் செர்ரி என்ற பெயரிலேயே பலரும் வாங்கிவிடுகிறார்கள். பழம் வேண்டுவோர் அதை நாடக்கூடாது. அதில் பழம் மிகச் சொற்பம்; ஆயுளும் குறைவு.

நட்ட இடங்கள்

டென்வரின் ஆண்டுச் சராசரி மழை சுமார் 370 மில்லிமீட்டர். மண் பெரும்பாலும் களிமண்; சுண்ணாம்பு மிகுந்தது. எங்கள் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பியபோது கார அமில அளவு 7.9 என்று வந்தது. அவ்வளவு காரத்தன்மையில் பல பழச்செடிகளுக்கு இரும்புச்சத்து எட்டாமல் போய் இலை வெளிறும். மணல் செர்ரியில் அந்த வெளிறல் எந்த ஆண்டும் எனக்குக் கண்ணில் படவில்லை என்பதை இச்செடியின் பெரிய நற்குணமாகவே குறிப்பிட வேண்டும்.

பின்பக்கத்து இடத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அங்கே மண் கருமையாக, மென்மையாக இருந்தது. அருகே தண்ணீர் இருந்தது. சமையலறைச் சன்னலிலிருந்து பார்வைக்கு எட்டியது. புல்தரைக்கென்று போட்ட தெளிப்பான்கள் கோடையில் வாரம் மூன்று முறை ஓடும். அந்தத் தூவல் செடிகளின் தூர்வரை எட்டும். குழியில் மக்கிய எரு இட்டேன். வசந்தத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் புல்லுக்கு இடும் தழைச்சத்து உரமும் ஓரத்துச் செடிகளுக்குச் சேர்ந்தே போயிற்று. தூரைச் சுற்றி மரப்பட்டைத் துண்டுகளை ஒரு சாண் உயரத்துக்குக் குவித்தேன். மூடாக்கு நல்லது என்று படித்திருந்தேன். தண்டை ஒட்டிக் குவிக்கக்கூடாது என்பதைப் படித்திருந்தும் பொருட்படுத்தவில்லை.

சரிவு அப்படிப்பட்ட இடமில்லை. வீடு கட்டியவர்கள் கொட்டிவிட்டுப் போன சரளையும் உடைகல்லும் கரடுமண்ணும் கலந்த, தெற்கு நோக்கிய திட்டு அது. வேறெதுவும் அங்கே பிழைக்கவில்லை என்பதால் மீதியிருந்த மூன்று கன்றுகளை வைத்தேன். எரு இடவில்லை. முதல் கோடையில் சொட்டுநீர்க் குழாய் வழியாக வாரம் ஒரு முறை தண்ணீர் விட்டேன். அடுத்த ஆண்டு குழாயை எலி கடித்துவிட்டது. அதன்பின் நினைவு வந்தபோது, அதாவது இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை, வாளியில் கொண்டுபோய் ஊற்றினேன்.

2018 கோடையில் யார் வந்து பார்த்திருந்தாலும் புல்தரையோரத்துச் செடிகளையே பாராட்டியிருப்பார்கள். அவை ஒரு மீட்டரைத் தாண்டி, இலை கரும்பச்சையாக, தண்டு தடித்து நின்றன. சரிவுச் செடிகள் அதில் பாதி உயரம்தான்; இலை சிறுத்துச் சாம்பல் பூத்திருந்தது. அவற்றைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்றுகூட என் குறிப்பேட்டில் அந்த ஆண்டு எழுதியிருக்கிறேன்.

2019: பூவும் பிசினும்

மூன்றாம் ஆண்டு மே முதல் வாரத்தில் சரிவுச் செடிகள் மூன்றும் தண்டு தெரியாமல் பூத்தன. புல்தரையோரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில பூக்கள் மட்டும். தழைச்சத்தும் தண்ணீரும் மிகுந்த செடி தழைக்கும், பூக்காது என்பது நம் ஊரில் எல்லா உழவரும் அறிந்த செய்தி. அதை இங்கே வந்து மறந்தவன் நான்.

அந்த மே மாதத்தில் இன்னொன்றும் தெளிவாயிற்று. அடுத்த வீட்டார் எங்களுக்கு முன்பே 'பானி பியூட்ஸ்' என்ற தரையோடு படரும் மணல் செர்ரி வகையில் இரண்டை வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் பூத்தும் அவற்றில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே பழம் பிடித்து வந்தது. மணல் செர்ரியில் ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் பூவைச் சூல்கொள்ளச் செய்வதில்லை. பெயரிட்ட வகை என்பது ஒரே தாய்ச்செடியின் தண்டிலிருந்து பெருக்கப்பட்டது. ஆகையால் இரண்டு செடி நட்டிருந்தாலும் மகரந்தச் சேர்க்கையைப் பொறுத்தவரை அவை ஒரே செடிதான். எங்கள் சரிவில் விதைக்கன்றுகள் பூத்த ஆண்டில் அவர்கள் செடியிலும் கொத்துக்கொத்தாகக் காய் பிடித்தது. பழத்துக்காக வைப்போர் குறைந்தது இரண்டு விதைக்கன்றுகளையோ இரு வேறு வகைகளையோ வைக்க வேண்டும்.

ஜூன் முதல் நவம்பர் வரை என் அம்மா எங்களோடு தங்கியிருந்தார். திருச்செந்தூருக்கு மேற்கே தேரி என்னும் செம்மணல் மேட்டு நிலத்தில் பிறந்து வளர்ந்தவர். ஜூலை இறுதியில் சரிவுச் செடிகளிலிருந்து முதன்முறையாகப் பறித்த பழங்களை, களாக்காயைப் போல் உப்பிலிட்டு வைத்தது அவர்தான். செப்டம்பர் நடுவில் ஒரு மாலையில் புல்தரையோரத்துச் செடியருகே குந்தியிருந்தவர் என்னை அழைத்து, தூரோடு ஒட்டிய மரப்பட்டைத் துண்டுகளை விலக்கிக் காட்டினார்.

"எய்யா, இங்க பாரு, முருங்கைப் பிசின் மாதிரி வடிஞ்சிருக்கு. செடிக்கு உள்ள நோவு இருக்கு. மணல்ல கெடந்த செடிக்கு இம்புட்டுத் தண்ணி ஆகாது."

தண்டும் வேரும் சேரும் இடத்தில், பழுப்பு நிறத்தில் பிசின் திரண்டிருந்தது. கிள்ளிப் பார்த்தபோது அதில் மரத்தூள் போன்ற எச்சம் கலந்திருந்தது. மூன்று செடிகளில் இரண்டில் இந்த அடையாளம். வெயிலில் தண்டு வெடித்ததனால் வந்த பிசின் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. தெளிப்பானை நிறுத்தவும் இல்லை நான்.

அந்த அக்டோபர் 9-ஆம் தேதி டென்வரில் வெப்பம் 28 டிகிரி வரை ஏறியது. மறுநாளே உறைநிலைக்குக் கீழே வெகுவாக இறங்கிப் பனி பெய்தது. சரிவுச் செடிகள் அதற்குள் இலை சிவந்து, பாதி உதிர்ந்து, குளிருக்குத் தயாராகியிருந்தன. புல்தரையோரத்துச் செடிகளில் நுனிக் கொழுந்துகூடப் பச்சையாக இருந்தது. அந்த இலைகள் உதிராமல் கருகி, குளிர்காலம் முழுவதும் தண்டிலேயே தொங்கின.

2020 மே மாதத்தில் புல்தரையோரத்து முதல் செடி துளிர்க்கவே இல்லை. இரண்டாவது செடி துளிர்த்து, பூத்து, ஜூலையில் திடீரென்று ஒரு பக்கம் வாடி, ஆகஸ்டில் முழுவதும் காய்ந்தது. மூன்றாவதில் மூன்று தண்டுகள் பட்டு இரண்டு உயிரோடிருந்தன.

தோண்டிப் பார்த்தபோது

செடி பட்டுப்போவதற்கு மூன்று காரணங்கள் என் முன்னே நின்றன: அக்டோபர்க் குளிர், தூரைத் துளைத்த புழு, தண்ணீர். மூன்றுக்கும் சான்று இருந்தது. எது முதல், எது அதைத் தொடர்ந்தது என்று பிரித்தறிவதுதான் தேவைப்பட்டது.

முதல் செடியை வேரோடு எடுத்தேன். எடுத்தேன் என்பதைவிட, அது கையோடு வந்தது என்பதே சரி. நட்டபோது இருந்த பக்கவேர்களுக்கு மேல் புதிய வேர்கள் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே போகவே இல்லை. இருந்த வேர்களும் கரும்பழுப்பாகி, தோல் உருவினால் கழன்று வந்தது. புளித்த வாடை அடித்தது. தூரில் பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கோணல்மாணலான தடங்களும், அவற்றில் வெண்மையான உடலும் பழுப்புத் தலையும் கொண்ட புழுக்களும் இருந்தன. பீச் மரத் துளைப்பான் என்று இங்கே அழைக்கும் அந்துப்பூச்சியின் புழு அது. அந்துப்பூச்சி பார்ப்பதற்குக் குளவியைப் போலிருக்கும். கோடையின் பிற்பகுதியில் செர்ரி, பிளம், பீச் மரங்களின் தூரில் முட்டையிடும். புழு பட்டைக்குள் புகுந்து குளிர்காலத்தை அங்கேயே கழித்து மறு கோடையில் வெளிவரும். பிசினோடு மரத்தூள் கலந்திருந்தால் அது புழு என்பதற்கு அடையாளம்; தெளிந்த பிசின் மட்டும் வடிந்தால் காயமோ வெடிப்போ வேறு நோயோ இருக்கலாம். இந்த வேறுபாடு எனக்கு அந்தச் செப்டம்பரில் தெரிந்திருந்தால் இரண்டாவது செடியைக் காப்பாற்றியிருப்பேன்.

அடுத்து நீர் வடியும் வேகத்தைச் சோதித்தேன். இரு இடங்களிலும் ஓரடி ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒரு முறை நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பினேன். சரிவில் ஒரு மணி நேரத்துக்குள் குழி காலி. புல்தரையோரத்தில் மறுநாள் காலையிலும் விரற்கடை அளவு நீர் நின்றது. மேலே மென்மையாகத் தெரிந்த கருமண் வெறும் இருபது சென்டிமீட்டர்தான். அதன் கீழே கட்டியான களிமண். நான் எரு இட்டு மென்மையாக்கிய நடவுக்குழி, களிமண்ணில் வைத்த கிண்ணம் போல் தெளிப்பான் நீரையெல்லாம் வாங்கித் தேக்கியிருக்கிறது.

குளிர் ஆறு செடிகளுக்கும் ஒன்றாகவே வந்தது. சரிவில் ஒரு தண்டும் போகவில்லை. ஆகவே குளிரை மட்டும் காரணமாகச் சொல்வதற்கில்லை. புழுவைப் பொறுத்தவரை, அந்த ஆண்டு கவனமாகத் தேடியபோது சரிவுச் செடி ஒன்றின் தூரிலும் ஒரு தடம் தெரிந்தது. அந்தச் செடி புழுவைத் தாங்கிக்கொண்டு, காயத்தை மூடி, அதே கோடையில் காய்த்தது. இரு இடங்களுக்கும் இடையே தொடக்கம் முதல் மாறாமல் இருந்த வேறுபாடு தூரைச் சுற்றிய ஈரம் ஒன்றே. தேங்கிய நீர் வேரை மூச்சடைக்கச் செய்தது. செப்டம்பர் உரமும் ஓயாத ஈரமும் செடியை உறங்கவிடாமல் தழைக்க வைத்தன. தண்டை மூடிய மரப்பட்டைக் குவியல் அந்துப்பூச்சிக்கு மறைவிடம் தந்தது. இவ்வளவுக்கும் பிறகு வந்த குளிர் எஞ்சியதை முடித்துவைத்தது என்பதே நான் வந்தடைந்த விளக்கம். அம்மா சொன்னதும் ஏறத்தாழ இதுவேதான்.

மூன்றாவது செடி

உயிரோடிருந்த மூன்றாவது செடியைக் காப்பாற்ற 2020 செப்டம்பரில் முயற்சி தொடங்கினேன். அந்த மாதம் 5-ஆம் தேதி டென்வரில் 38 டிகிரி வெயில். 8-ஆம் தேதி பனி. பனி உருகி மண் மீண்டும் சூடேறும் வரை காத்திருந்து வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் அந்தப் பக்கத்துத் தெளிப்பான் வாய்கள் இரண்டை அடைத்தேன். தூரைச் சுற்றியிருந்த மரப்பட்டையையும், அதன் கீழே ஒரு கையளவு ஆழத்துக்கு மண்ணையும் விலக்கி, வேர் பிரியும் இடம்வரை வெளிச்சம் படும்படி செய்தேன். பிசினைச் சுரண்டி எடுத்துவிட்டு, தடங்களுக்குள் மெல்லிய கம்பியை விட்டு, எட்டிய புழுக்களைக் கொன்றேன். எட்டாதவற்றுக்காக, பூச்சிப் புழுக்களைத் தின்னும் நுண்ணிய உருளைப்புழுக்களைத் தண்ணீரில் கலந்து தூரில் ஊற்றினேன். இவை தோட்டக் கடைகளில் கிடைக்கின்றன. மண் குளிர்ந்துவிட்டால் வேலை செய்யாது, வெயிலில் ஊற்றினால் செத்துவிடும், ஊற்றிய பிறகு சில நாள் மண் ஈரமாக இருக்க வேண்டும். பட்ட தண்டுகளைத் தரையோடு அறுத்தேன்.

2021 மார்ச்சில், மொட்டு விடும் முன்பே, அந்தச் செடியைச் சரிவுக்கு மாற்றினேன். அழுகிய வேர்களை நல்ல வெண்மை தெரியும் வரை நறுக்கி, மேலே இருந்த இரு தண்டுகளையும் ஒரு சாணாகக் குறைத்து, எரு எதுவும் இல்லாமல் அங்கிருந்த மண்ணையே போட்டு மூடினேன். முன்பு இருந்த ஆழத்துக்கு மேல் ஒரு விரற்கடையும் புதைக்கவில்லை. மே கடைசியில் தூரிலிருந்து நான்கு குருத்துகள் வந்தன. அந்த ஆண்டு கோடை முழுவதும் வாரம் ஒரு முறை தண்ணீர் விட்டேன். மாற்றி நட்ட செடியைப் புதுக்கன்றாகவே கருத வேண்டும். 2022 டிசம்பர் 22 அன்று டென்வரில் மைனஸ் 31 டிகிரி பதிவானது. எதிர்வீட்டுப் பீச் மரம் அடுத்த வசந்தத்தில் ஒரு பூகூடப் பூக்கவில்லை. மூன்றாவது செடி அந்த வசந்தத்தில்தான் முதன்முதலாகக் கொத்தாகப் பூத்தது.

சரிவில் இப்போது செய்யும் பராமரிப்பு

நான்கு செடிகளையும் இப்போது ஒரே முறையில் பார்த்துக்கொள்கிறேன். நட்ட முதல் ஆண்டில் வாரம் ஒரு முறையும் இரண்டாம் ஆண்டில் இரு வாரங்களுக்கு ஒரு முறையும் ஆழமாகத் தண்ணீர் விடுவது போதும். அதன்பின் பூத்ததிலிருந்து பழம் பழுக்கும் வரையிலான காலத்தில் மழை இல்லாவிட்டால் மாதம் இரு முறை. பறிப்பு முடிந்ததும் தண்ணீரைக் குறைத்துவிடுவேன். ஆகஸ்டுக்குப் பிறகு உரம் என்ற பேச்சே இல்லை. ஆனால் பனியே பெய்யாத குளிர்கால மாதங்களில், பகலில் உறைநிலைக்கு மேல் வெயில் காயும் நாள் ஒன்றைப் பார்த்து ஒரு முறை நனைக்க வேண்டும்; இங்குள்ள வறண்ட காற்று உறங்கும் செடியின் வேரையும் காயவைத்துவிடும். மூடாக்குக்குச் சரளைக்கல்லையே பயன்படுத்துகிறேன், அதுவும் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

கவாத்து பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சரிவுச் செடிகளிலும் நான் தவறு செய்தது அதில்தான். மணல் செர்ரி பெரும்பாலும் சென்ற ஆண்டு வளர்ந்த தண்டில்தான் காய்க்கிறது. நான்கு ஆண்டுகள் கத்தியே வைக்காமல் விட்டதில், 2021 வாக்கில் காய்ப்பு முழுவதும் தண்டு நுனிகளுக்குப் போய், புதரின் நடுப்பகுதி வெறுமையாகிவிட்டது. பாரம் தாங்காமல் தண்டுகள் தரையில் சாய்ந்து, பழம் மண்ணில் பட்டு அழுகியது. 2022 மார்ச்சில் ஒவ்வொரு செடியிலும் மிக முதிர்ந்த தண்டுகளில் கால்பங்கைத் தரையோடு அறுத்தேன். அந்தக் கோடையில் பழம் குறைந்ததற்கு, மே 20, 21 தேதிகளில் காய் பிடிக்கும் நேரத்தில் பெய்த கனமான பனியும் காரணம். அறுத்த இடங்களில் எழுந்த புதுத்தண்டுகள் 2023-இல் அடி முதல் நுனி வரை காய்த்தன. அன்றிலிருந்து ஆண்டுதோறும் மார்ச்சில் இந்தக் கால்பங்கு அறுப்பைத் தவறவிடுவதில்லை. நுனியை மட்டும் வேலி போல் சமமாக வெட்டுவது இச்செடிக்குக் கூடாது. அது காய்க்கும் தண்டை வெட்டி, காய்க்காத தண்டை விட்டுவைப்பதாகும்.

குளிர்காலத்தில் முயல் பட்டையைக் கொறிக்கும். தண்டைச் சுற்றிலும் பட்டை போய்விட்டால் அத்தண்டு பிழைக்காது. ஒரு மீட்டர் உயரக் கம்பிவலையை நவம்பரில் சுற்றி ஏப்ரலில் எடுக்கிறேன். பனி உறைந்து உயர்ந்தால் முயலுக்கு எட்டும் உயரமும் கூடும் என்பதால் தாழ்ந்த வலை பயன்படாது. பழம் கறுக்கத் தொடங்கியதும் பறவைகளுக்காக மேலே மெல்லிய வலை. மழை மிகுந்த ஆண்டுகளில் பழுப்பழுகல் என்னும் பூஞ்சாணம் வரும். நுனி வாடி, பழம் சுருங்கிச் சாம்பல் பூத்துத் தொங்கும். அப்படிச் சுருங்கிய பழங்களை ஒன்றுவிடாமல் பறித்துக் குப்பையில் போட வேண்டும். மரத்திலோ தரையிலோ விட்டால் அடுத்த வசந்தத்துக்கான வித்து அங்கேயே தங்கும்.

பெருக்குவதற்கு எளிய வழி பதியம். தாழ்ந்த தண்டை ஜூனில் கீறி மண்ணில் பதித்துக் கல் வைத்தால் மறு வசந்தத்தில் வேர் பிடித்திருக்கும். விதையென்றால், கொட்டையைக் கழுவி, ஈரமணலில் கலந்து, குளிர்சாதனப் பெட்டியில் மூன்று முதல் நான்கு மாதம் வைத்தால்தான் முளைக்கும். 2021 நவம்பரில் வைத்தவை மார்ச்சில் பெட்டிக்குள்ளேயே முளைவிட்டன. பதியம் தாயின் சுவையை அப்படியே தரும். விதைக்கன்றின் சுவை எப்படியும் இருக்கலாம். ஹான்சன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்க நேர்ந்தது இதனால்தான்.

பழத்தைப் பறிப்பதில் அவசரம் கூடாது. தோல் கறுத்த அன்றே பறித்தால் துவர்ப்பு நாக்கைப் பிடித்துக்கொள்ளும். அழுத்தினால் சற்று இளகும் வரை, ஏறத்தாழ ஒரு வாரம், செடியிலேயே விட வேண்டும். எங்கள் மூன்று பழைய செடிகளில் ஒன்றின் பழம் அப்படியே தின்ன இனிக்கிறது. மற்ற இரண்டின் பழமும் பாகுக்கும் ஊறுகாய்க்கும் உரியவை. கொட்டையை உடைக்கக்கூடாது; பருப்பிலும் இலையிலும் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. வெட்டிப் போட்ட தழை வாடும்போது அதன் நஞ்சு ஆடுமாடுகளுக்கு ஆபத்தானது. ஆகவே கவாத்துக் கழிவைக் கால்நடை எட்டும் இடத்தில் போடுவதில்லை.

மூன்றாவது செடி 2024 கோடையில் நன்றாகவே காய்த்தது. நான்கில் மிகச் சிறிய பழமும் மிகுந்த துவர்ப்பும் அதற்குத்தான். அம்மா தொலைபேசியில் முதலில் விசாரிப்பது அந்தச் செடியைத்தான். அதன் பழத்தைத் தனியே எடுத்து, அவர் சொன்ன கணக்கில் உப்பும் மிளகாய்த்தூளும் வெந்தயமும் நல்லெண்ணெயும் சேர்த்து ஊறவைத்தேன். புல்தரையோரத்தில் செடிகள் நின்ற இடத்தில் இப்போது புல் மட்டுமே இருக்கிறது. அடைத்த தெளிப்பான் வாய்கள் இரண்டையும் திறந்துவிட்டேன்.